பூஜை நேரத்தில் போன் அடங்க, அவசர அழைப்பு மட்டும் வர

விளக்கேற்றும்போதோ ஜெபத்திலோ தொழுகையிலோ போனை வைப்ரேட்டில் போடுவது அரைகுறை வேலை. மர அலமாரியில் அது அதிரும்போது பக்கத்துப் பித்தளைத் தட்டும் சேர்ந்து கிணுகிணுக்கும். சுவிட்ச் ஆஃப் செய்தாலோ, ஊரில் அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று மனசு அங்கேதான் நிற்கும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், அழைப்பு, மெசேஜ் சத்தங்களை அடக்கி வைக்கும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ வசதியில் ‘கால்ஸ்’ பகுதியைத் திறந்து, ஸ்டார் போட்ட எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஸ்டாரை முதலில் கான்டாக்ட்ஸில் போட்டிருக்க வேண்டும். நாலைந்து பேர் போதும். இருபது பேருக்குப் போட்டால் பழைய கதைதான். அங்கேயே ‘ரிப்பீட் காலர்ஸ்’ இருக்கும். அதை ஆன் செய்தால், ஒரே எண் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் மணி அடிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடம். நெருங்கிய நண்பர்களிடம் “அவசரம்னா உடனே மறுபடி கூப்பிடு” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுக்கவில்லையே என்ற வருத்தமும் வராது.

பலர் கோட்டைவிடுவது வாட்ஸ்அப்பில். ஸ்டார் போட்டவரே வாட்ஸ்அப்பில் அழைத்தாலும் சத்தம் வராமல் போகலாம். அதற்காக ஆப்ஸ் பட்டியலில் வாட்ஸ்அப்பை அனுமதித்தால் குரூப் குட்மார்னிங்கெல்லாம் ஒலிக்கும். சாதாரண காலில் கூப்பிடச் சொல்வதே நல்லது.

தினமும் ஒரே நேரம் என்றால் டூ நாட் டிஸ்டர்பிலேயே ‘ஷெட்யூல்’ வைத்து, காலை 6 முதல் 6.30 வரை எனக் குறியுங்கள். முடியும் நேரம் வைக்காமல் கையால் ஆன் செய்தால், அணைக்க மறந்து நாள் முழுக்க மிஸ்டு கால்தான்.