கைவசமுள்ள ஒட்டுகளை மூலத்திட்டத்துக்கு அனுப்பும் முறை

லினக்ஸ் வழங்கல் ஒன்றில் மென்பொருள் பொதிகளைப் பராமரிப்பவரிடம் நாளடைவில் ஒட்டுகள், அதாவது நிரலில் செய்த சிறு மாற்றங்களைக் கொண்ட 'பேட்ச்' கோப்புகள், குவிந்துவிடும். 'இரண்டு வரிதானே' என்று வைத்துக்கொண்ட ஒட்டு, அடுத்தடுத்த பதிப்புகளில் பொருந்தாமல் போய், அதை எதற்காக எழுதினோம் என்பதே நினைவில்லாத ஒரு நாளில் பாதிப் பொழுதைத் தின்றுவிடும். அப்ஸ்ட்ரீம் எனப்படும், மென்பொருளை உருவாக்கும் மூலத்திட்டத்தில் அதைச் சேர்ப்பித்துவிட்டால் இந்தச் சுமை குறையும்.

சுமை மட்டுமே காரணமன்று. 2006இல் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள்) பொதியில், நினைவக ஆய்வுக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காகச் சில வரிகள் முடக்கப்பட்டன. அதுபற்றி மூலத்திட்டத்தாரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தவிர, மாற்றம் முழுமையான ஒட்டாக அவர்களுடைய சீராய்வுக்குச் செல்லவில்லை. விளைவாக, குறியாக்கத் திறவுகோல்களை உருவாக்கும் சமவாய்ப்பு எண்களுக்கு மிஞ்சிய ஆதாரம் செயல்முறை எண் (இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்) மட்டுமே என்றாகி, ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் உருவாகக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768ஆகச் சுருங்கின. 2008 மே மாதத்தில்தான் இது வெளியே தெரிந்தது. ஆகவே 'இப்படி மாற்றலாமா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாற்றிய வரிகளையே அனுப்புங்கள்.

முதலில் குவியலைப் பிரியுங்கள். கோப்புறைப் பாதை போன்று உங்கள் வழங்கலுக்கு மட்டும் உரியவை உங்களிடமே இருக்கட்டும். மற்றவற்றை, நீங்கள் பொதியாக்கிய பழைய பதிப்பின் மீதன்றி, மூலத்திட்டத்தின் இன்றைய வளர்ச்சிக் கிளையின் மீது பொருத்திச் சோதியுங்கள். பல நேரங்களில் அந்த வழு (நிரல் பிழை) அங்கே ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

ஓர் ஒட்டில் ஒரே மாற்றம் இருக்க வேண்டும். வழுவைத் திருத்தும்போது கண்ணில் பட்ட உள்தள்ளலையும் சீர்செய்யத் தோன்றும்; அதைத் தனி கமிட்டாக (நிரல் வரலாற்றில் பதியும் ஒரு மாற்றமாக) வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கமிட் செய்தியில்தான் பெரும்பாலோர் சிக்கனம் பிடிக்கிறார்கள். 'வழு நீக்கப்பட்டது' என்ற தலைப்பு யாருக்கும் உதவாது. 'கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் இறக்குமதி நின்றுவிடுவதைத் திருத்துதல்' என்பது உதவும். அதன் கீழ், எந்தச் சூழலில் இது நிகழ்கிறது, காரணம் எது, வேறு வழிகளை விட்டு இந்த வழியை ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். எதை மாற்றினீர்கள் என்பதை நிரலே காட்டிவிடும். லினக்ஸ் கருனி (இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல்) திட்டத்தில் தலைப்பு 70 முதல் 75 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். முந்தைய கமிட் ஒன்றின் தவறைத் திருத்தினால், அதன் அடையாள எண்ணில் குறைந்தது முதல் 12 குறிகளை 'ஃபிக்சஸ்' (Fixes:) வரியில் தர வேண்டும். பிற திட்டங்களின் விதிகள் வேறுபடும் என்பதால், பங்களிப்பு வழிகாட்டியை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

அந்த ஒட்டு நீங்கள் எழுதியதா என்றும் பாருங்கள். பயனர் ஒருவரோ வேறு வழங்கலோ தந்ததாக இருந்தால், எழுதியவர் பெயரை கமிட்டில் அப்படியே வைத்து, உரிமத்தை உறுதிசெய்துகொண்டு, அதன் கீழ் உங்கள் 'சைன்ட்-ஆஃப்-பை' (Signed-off-by) வரியைச் சேருங்கள். 2004இல் கருனித் திட்டத்தில் தொடங்கிய இந்த வழக்கம், நிரலை அனுப்பும் உரிமை தமக்கு உண்டென்று அனுப்புபவர் தரும் உறுதிமொழியாகும்.

பதில் வரத் தாமதமானால் பொறுத்திருங்கள். நினைவூட்டுவதற்குமுன் குறைந்தது ஒரு வாரமாவது காத்திருக்குமாறு கருனி ஆவணம் சொல்கிறது. திருத்தம் கேட்டால், 'இரண்டாம் பதிப்பு' என்று குறித்து, முந்தையதிலிருந்து எது மாறியது என்பதைச் சேர்த்து அனுப்புங்கள். இந்தக் குறிப்பு, கமிட் செய்தியின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே இருந்தால் வரலாற்றில் பதியாது. மறுத்துவிட்டால் வாதத்தை நீட்டாமல் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுடைய வடிவமைப்பை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும்.

அனுப்பிய அன்றே உங்கள் பொதியிலுள்ள ஒட்டின் தலைப்பகுதியில், மூலத்திட்டத்துக்கு அனுப்பியதற்கான இணைய இணைப்பைப் பதிந்துவிடுங்கள். டெபியனில் இதற்கென்றே 'ஃபார்வர்டட்' (Forwarded) என்னும் புலம் இருக்கிறது. மாற்றத்தை ஏற்ற பதிப்பு வெளிவந்ததும் உள்ளூர் ஒட்டை நீக்கி, அதே வழுவை மீண்டும் வரவழைக்க முயன்று பார்த்தபின் பொதியை வெளியிடுங்கள்.