பெரிய தொட்டியில் இறால் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழகுக்காக வீட்டுத் தொட்டியில் வைக்கும் சிறு சிவப்பு நன்னீர் இறாலான செர்ரி இறாலை வளர்ப்பவர்கள் பலர் 20 லிட்டர் தொட்டியில் தொடங்கி, அது குஞ்சுகளால் நிறைந்ததும் மூன்றடித் தொட்டிக்கு மாற விரும்புகிறார்கள். தண்ணீரின் அளவு கூடக்கூட அதன் வெப்பமும் உப்பும் மெதுவாகவே மாறும் என்பதால், இறாலுக்குப் பெரிய தொட்டி உகந்ததே. மீன் வளர்த்துப் பழகிய கையோடு அவசரப்பட்டு அமைக்கும்போதுதான் அந்த நன்மை வீணாகிறது.

முதல் தவறு தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் எடை கால் டன்னை நெருங்கும். டி.வி. ஸ்டாண்டின் மேல் வைக்கக்கூடிய பொருள் அன்று அது. ரசமட்டம் பார்த்து, அடியில் தெர்மோகோல் தகடு விரித்து வைக்க வேண்டும்.

அடுத்தது, தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்காக மூன்றாம் நாளே இறாலை விடுவது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பாக்டீரியாக்கள் குடியேறிய, பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் புதியதில் சில வாரங்கள் ஓடவிட்டால் இந்தக் காலம் கணிசமாகக் குறையும். அதன்பிறகும் கல்லிலும் இலையிலும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் படியச் சற்று நாளாகும்; பிறக்கும்போது சுமார் இரண்டு மில்லிமீட்டரே இருக்கும் குஞ்சுக்கு அந்தப் படலம்தான் உணவு. பளபளவென்று துடைத்து வைத்த தொட்டியில் குஞ்சுகள் தங்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தண்ணீர் விஷயத்தில் இருவகைத் தவறுகள் உண்டு. சென்னையில் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு, பி.பி.எம். கணக்கில்) ஆயிரத்தைத் தொடும்; அதை அப்படியே ஊற்றுவது ஒன்று. அதற்குப் பயந்து முழுவதும் ஆர்.ஓ. தண்ணீரை நிரப்புவது மற்றொன்று. கால்சியமும் மக்னீசியமும் இல்லாத தண்ணீரில் இறாலால் புது ஓட்டைக் கட்ட முடியாது. இரண்டையும் கலந்து, டி.டி.எஸ். 150 முதல் 250 வரையிலும், கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு; ஜி.எச்.) 6 முதல் 8 டிகிரி வரையிலும் இருக்குமாறு வைத்தால் செர்ரி இறால் நன்றாக இருக்கும். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

மீன்தொட்டியில் செய்வதுபோல் பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால் நேர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திடீர் மாற்றத்தால் இறால் உரிய காலத்துக்கு முன்பே ஓட்டைக் கழற்ற முயல்கிறது. தலைப்பகுதியும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் சுற்றியதுபோல் ஒரு வளையம் தோன்றுகிறது. ஓடு முதுகில் மட்டும் பிளக்காமல் சுற்றிலும் பிளந்துவிட்டதன் அடையாளம் அது. அந்த நிலையிலிருந்து மீளும் இறால்கள் குறைவு. வாரம் பத்து சதவீதம் மாற்றினால் போதும். புதிதாக வாங்கி வந்தவற்றையும் பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டுக் கொட்டிவிடாமல், மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் தொட்டித் தண்ணீரை ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துப் பழக்க வேண்டும்.

கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சிறு மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தினமும் ஓரிரு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பதை மறந்து, குறைந்த அளவைப் போர்வெல் தண்ணீரால் நிரப்பினால் டி.டி.எஸ். வாரத்துக்கு வாரம் ஏறும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் தனி ஆர்.ஓ. தண்ணீரே சரி.

பலர் யோசிக்காத ஆபத்து கொசுவிரட்டி. சுருளிலும் திரவத்திலும் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் இறாலுக்குக் கொடிய நஞ்சு. அறைக் காற்றை உறிஞ்சும் ஏர் பம்ப் அதைக் குமிழிகளாக்கித் தண்ணீரில் கலக்கிறது. நானும் இதை ஒரு காலை நேரத்தில், தொட்டியின் அடியில் கிடந்த சிவப்பு உடல்களைப் பொறுக்கியபடிதான் கற்றேன். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை போதும். நர்சரிச் செடிகளில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தும், மீன் மருந்துகளில் இருக்கும் தாமிரமும் இதே வகை.

பெரிய தொட்டி என்பதற்காகச் சக்திமிக்க ஃபில்டர் வாங்குபவர்கள், அதன் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் குஞ்சுகளை இழப்பார்கள். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களே இதற்குத் தாராளம்; அவற்றைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிந்து கழுவ வேண்டும்.

தொட்டியின் பரப்பைப் பார்த்து உணவைக் கூட்டுவதும் தவறு. தொட்டியில் உள்ள இறால்கள் இரண்டு மணி நேரத்தில் தின்று தீர்ப்பதற்கு மேல் போட்டால் அது மூலையில் அழுகும், தட்டைப்புழுக்கள் பெருகும். அதற்குப் பதில் மருந்தடிக்காத நாட்டு வாதாம் மரத்தடியில் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவி, ஓரிரவு ஊறவைத்துப் போடலாம். சில வாரங்களில் சதை முழுவதும் போய், வலைபோல் நரம்பு மட்டும் மிஞ்சும். அப்போது அடுத்த இலையைப் போட்டால் போதும்.