ஜின்செங் புட்டியைத் திறப்பதற்கு முன்னால்

ஜின்செங் என்பது தெம்புக்காகப் பலர் சாப்பிடும் ஒரு மூலிகை வேர். அதை மட்டும் சாப்பிடும் ஆரோக்கியமான ஆளுக்கு வரக்கூடியது அனேகமாகத் தூக்கக் கேடு, தலைவலி, வயிற்றுக் கோளாறு இவைதான். கூடவே வேறு மருந்தும் எடுப்பவர்களுக்குத்தான் விஷயம் கனமாகிறது. அதனால் இங்கே மாத்திரைப் பட்டியலுக்கே அதிக இடம்.

படி 1: எந்தச் செடி?

புட்டியின் பின்பக்கத்தில் தாவரப் பெயரைத் தேடுங்கள். பானாக்ஸ் ஜின்செங் என்றால் கொரிய வகை. பானாக்ஸ் குவின்குவிஃபோலியஸ் என்றால் அமெரிக்க வகை. சிவப்பு ஜின்செங் தனிச் செடி இல்லை. கொரிய வேரையே ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது. 'சைபீரிய ஜின்செங்' வேறு பேரினம்; அமெரிக்காவில் 2002 முதல் அதை ஜின்செங் என்ற பெயரில் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. 'இந்திய ஜின்செங்' என்பது நம் அமுக்கராக் கிழங்கு, அதாவது அஸ்வகந்தா. கத்தரிக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த அதற்குத் தைராய்டு தொடர்பான எச்சரிக்கைகள் தனி. தாவரப் பெயரே அச்சிடாத புட்டியை வாங்காதீர்கள்.

படி 2: நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுதுங்கள்

மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, ஒரு தாளில் பெயர்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இவை.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து): 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ஜின்செங் இந்த மருந்தின் வேலையைக் குறைப்பது ஆரோக்கியமானவர்களிடமே தெரிந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கினால் ரத்தக்கட்டு ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதை ஜின்செங் தடுக்கலாம் என்றும் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு பக்கமும் இழுப்பதால், ரத்தம் உறையாமல் இருக்க எந்த மருந்து எடுப்பவரும் தாமாகத் தொடங்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின்: ஜின்செங்கும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி என்று 'லோ சுகர்' வரலாம். மருத்துவர் அனுமதித்தாலும் முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள்.

மனச்சோர்வுக்கான ஃபெனெல்சின்: சேர்த்தபோது தலைவலி, நடுக்கம், அளவுமீறிய பரபரப்பு வந்த நோயாளிகள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. புற்றுநோய்க்கான இமாட்டினிப், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எடுக்கும் நோய் எதிர்ப்பு அடக்கிகள்: இவற்றோடு தவிர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் வேண்டவே வேண்டாம்.

பட்டியலில் பலர் விட்டுவிடுவது பலவகை வைட்டமின் மாத்திரை. இந்தியாவில் விற்கும் சிலவற்றில் 40 மில்லிகிராம் அளவுக்கு ஜின்செங் சாறு ஏற்கெனவே இருக்கிறது.

படி 3: அளவு

காய்ந்த கொரிய வேர் என்றால் நாளைக்கு 1 முதல் 2 கிராம், மூன்று மாதத்துக்குள் நிறுத்துவது என்பது மூலிகை மருந்துகளை ஆராய்ந்த ஜெர்மனியின் 'கமிஷன் ஈ' நிபுணர் குழு சொன்ன வரம்பு. சாறு மாத்திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஜின்செனோசைடு என்பது ஜின்செங்கில் வேலை செய்யும் முக்கியப் பொருள். 4 சதவீத ஜின்செனோசைடு உள்ள 200 மில்லிகிராம் சாற்றில் 8 மில்லிகிராம் ஜின்செனோசைடு இருக்கும்; சாறு மாத்திரைகளை ஒப்பிட இந்த எண்ணைப் பாருங்கள். வேர்த்தூளைக் கரண்டியால் அளக்காதீர்கள், சிறு தராசில் நிறுங்கள்.

படி 4: முதல் வாரம்

பாதி அளவில் தொடங்கி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். மதியத்துக்கு மேல் எடுத்தால் இரவு விழித்துக் கிடப்பீர்கள். அதே வாரத்தில் வேறு எந்தப் புதுச் சத்து மாத்திரையும் சேர்க்க வேண்டாம். தொந்தரவு வந்தால் எதனால் என்று தெரியாது. காபியைக் குறையுங்கள். அதிக அளவு ஜின்செங் எடுத்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை, காலையில் வயிற்றுப்போக்கு வந்ததாக 1979-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. அவர்களில் பலர் காபி, தேநீரும் தாராளமாகக் குடித்தவர்கள் என்பதால் பழி யாருக்கு என்பது இன்றும் விவாதம்தான். ரத்த அழுத்தத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் குறித்து வையுங்கள்.

படி 5: நிறுத்த வேண்டிய நேரம்

தூக்கம் கெட்டால் அளவைக் குறைத்துப் பாருங்கள். படபடப்பு, தோல் தடிப்பு, மார்பகத்தில் வலி, மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு என்றால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், புட்டியையும் எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சை இருந்தால் குறைந்தது 7 நாள் முன்பே நிறுத்திவிட்டு, மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.