பழைய ராணுவப் பதக்கம் அசலா, போலியா? வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் இருப்பதால், ஓய்வுபெற்ற படைவீரர்கள் பலர் குன்னூர், கோத்தகிரி, உதகை பக்கங்களிலேயே வீடு கட்டித் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் காலத்துக்குப் பின் வீட்டைக் காலி செய்யும்போது, பச்சை வண்ணம் உரிந்த தகரப் பெட்டிக்குள்ளிருந்து பதக்கங்கள் வெளியே வந்து கைமாறுகின்றன. அவற்றோடு, அந்தப் பெட்டியை ஒருநாளும் கண்டிராத போலிகளும் 'பங்களாவில் கிடைத்தது' என்ற கதையோடு கலந்துவிடுகின்றன. கதையைக் கேட்டு வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏமாந்தது 1908-ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் ஒன்றில். அரசரின் முகம் தெளிவாக இருந்தது; வெள்ளியும் சுத்தமான வெள்ளி; விளிம்பில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் வீரர் ஒருவரின் எண்ணும் பெயரும் இருந்தன. வாங்கிய மறுமாதம் மூத்த சேகரிப்பாளர் ஒருவர் அதன்மீது வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னிடமே நீட்டினார். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் ஒரு திசையில் அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பதக்கம் அசல், பெயர்தான் பொய். முதலில் பெற்றவரின் பெயரை அரம் போட்டு அழித்துவிட்டு, அதிக விலை போகும் படைப்பிரிவின் பெயரை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பதக்கத்தைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காதீர்கள். முதலில் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றில், பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பிலேயே பொறிக்கப்பட்டன. நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பின்புறத்தில் பொறித்தார்கள். எழுத்தை இடும் முறைகள் இரண்டு உண்டு. ஒவ்வோர் எழுத்தாக அச்சுளியால் அடித்து இறக்குவது ஒன்று. உளியால் உலோகத்தைக் கீறி எடுப்பது மற்றொன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், அடித்த எழுத்தின் ஆழம் ஒரே சீராகவும் அடிப்பகுதி தட்டையாகவும் இருக்கும். கீறிய எழுத்தின் பள்ளம் கூராக இறங்கி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். இக்காலத்து லேசர் எழுத்து, நுண்ணிய புள்ளிகளாகக் கருகித் தெரியும். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தில் இருக்க வேண்டியது அடித்த எழுத்து. அதில் கையால் கீறிய பெயர் இருந்தால் நம்பாதீர்கள். அதற்கு முந்தைய பதக்கங்களில் இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் சாய்ந்த கையெழுத்துப் பாணியில் கீறப்பட்டதும் உண்டு என்பதால், கீறல் என்பதாலேயே எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. அதே வகைப் பதக்கத்தில் ஐயமற்ற ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

விட்டத்தை ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாமல், நான்கைந்து திசைகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பு முழுவதையும் சமமாக ராவியிருந்தால் எல்லா அளவுகளும் ஒன்றாகவே வரும். அப்போது அந்த வகைக்குரிய அளவோடு ஒப்பிட்டால்தான் குறை தெரியும்.

பெயர் சரியாகத் தோன்றினால், அந்தப் பெயருக்கும் படைப்பிரிவுக்கும் போருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று வரலாற்றில் தேட வேண்டும். நம் பகுதியில் அடிக்கடி உதவும் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். மதராஸ் காலாட்படையின் பழைய நிரந்தரப் பட்டாலியன்கள் முதல் உலகப் போருக்குப் பிறகு படிப்படியாகக் கலைக்கப்பட்டன. மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர்பெற்றது இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல்தான். ஆகவே 1936-37 வடமேற்கு எல்லைப் போருக்கான பட்டையோடு (ரிப்பனில் கோக்கும், போரின் பெயர் தாங்கிய உலோகத் தகடு), மதராஸ் காலாட்படையின் பெயர் தாங்கிய பதக்கம் வந்தால் கட்டாயம் ஐயப்பட வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்றாலோ, மதராஸ் ரெஜிமென்ட்டின் பெயரோடு பர்மா ஸ்டார் என்றாலோ அந்தத் தடை இல்லை. பர்மா ஸ்டார் போன்ற இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரின்றியே வழங்கப்பட்டன. இந்திய வீரர்களுக்கு உரியவற்றின் பின்புறத்தில் பெயர் பொறிக்கப்பட்டது. இதை அறியாமல், 'பெயர் இருக்கிறது, ஆகவே போலி' என்று நல்ல பதக்கத்தை வேண்டாமென்று விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி என்றாலும், இந்தியத் தொழிலாளர் படையினர் போன்றோருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. அது மலிவான நகல் அன்று. சாலை போட்டும் மூட்டை சுமந்தும் போருக்குப் போன ஏழைகளின் அடையாளம்.

உலோகத்தைச் சோதிக்க ஒருபோதும் உரைகல்லை அனுமதிக்காதீர்கள். ஒருமுறை உரசினால் அந்த வடு போகாது. நகைக்கடைத் தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். ரிப்பனைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான், கன சென்டிமீட்டரில் பதக்கத்தின் கன அளவு. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 30 கிராம் பதக்கம் ஸ்டெர்லிங் வெள்ளியாக இருந்தால் 2.9 அளவில் வரும். செம்பும் நிக்கலும் கலந்த உலோகமாக இருந்தால் 3.4-ஐ நெருங்கும். ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகள் கணக்கைக் கெடுக்கும் என்பதால் மென்மையான தூரிகையால் அவற்றை நீக்கிவிடுங்கள்.

வார்ப்புப் போலிகளை இனம் காண்பது இவற்றைவிட எளிது. அசலை அச்சாக வைத்து வார்க்கும்போது உலோகம் ஆறிச் சுருங்குவதால், நகல் அசலைவிடச் சற்றே சிறுத்துவிடும். தலைமுடி, குதிரையின் பிடரி, எழுத்தின் ஓரம் எல்லாம் மழுங்கி, ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடோ அதை அரத்தால் மறைத்த தடமோ இருக்கும்.

தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் போலவே பதக்கத்தையும் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அதனால் உயர்ந்த பகுதிகள் வழவழப்பாகி, எழுத்தின் இடுக்கில் மட்டும் கருமையும் வெள்ளைத் துகளும் தங்கியிருக்கும். சேகரிப்பாளருக்கு அது வருத்தம் தந்தாலும், ஒரு குடும்பத்தின் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்ததற்கு நல்ல சான்று. போலிக்கு ரசாயனத்தால் ஏற்றிய கருமையோ மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோலப் படிந்திருக்கும். வரிசையாகக் குத்திய பதக்கங்கள் நடக்கும்போது ஒன்றோடொன்று மோதும் என்பதால், அடுத்தடுத்துள்ள பதக்கங்களின் சிராய்ப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், அந்த வரிசை அண்மையில் சேர்த்துக் கட்டப்பட்டது.

ரிப்பனை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செயற்கை இழையும் சாயமும் பளீரென ஒளிரும்; ஆனால் நைந்த ரிப்பனைக் குடும்பத்தாரே மாற்றியிருக்கலாம்.

நகல்கள் அனைத்தும் மோசடி அல்ல. அசலைப் பெட்டியில் பூட்டிவிட்டு, சீருடையில் அணியக் கடையில் வாங்கிய நகலைப் பயன்படுத்துவது படைவீரர்களின் வழக்கம். அதை அசல் என்று விற்பதுதான் குற்றம். பரம்வீர் சக்ரா என்று சொல்லி எவராவது நீட்டினால் சோதனையே தேவையில்லை. 1950-இல் நிறுவப்பட்ட அந்த விருதை இதுவரை பெற்றவர்கள் 21 பேர்தான். அவர்கள் பெயர்கள் அனைத்தும் நாடறிந்தவை.

நூறாண்டு கடந்த பதக்கங்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

கடைசியாக, எல்லாச் சோதனைகளிலும் தேறிய பதக்கத்தையும் ஓர் இரவு இருட்டறையில் வைத்து, டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் அரத் தடங்கள் சாய்ந்த ஒளியில் நிழலாக எழும். என் பதக்கத்தில், வெட்டிய புதுப் பெயருக்கு அடியில், அழிந்தும் அழியாமலும் ஒரு 4-உம் ஓர் எழுத்தின் காலும் தெரிகின்றன. பழைய எண்ணின் மற்ற இலக்கங்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.