டைட்டானியம் எந்த இடத்தில் அமர்கிறது? இரும்பு-டைட்டானியம் ஆக்சைடுகளின் காந்தத்தன்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கனிமத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைக் கொண்டு அதன் காந்த வலிமையை ஊகிப்பதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் எடையில் 72 விழுக்காடு இரும்பு. இன்னொரு இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டில் 70 விழுக்காடு. ஆயினும் அறை வெப்பநிலையில் ஹேமடைட்டின் தெவிட்டிய காந்தமாக்கம் (அது எட்டக்கூடிய உச்சக் காந்த வலிமை) மேக்னடைட்டினுடையதில் இருநூறில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மேக்ஹமைட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதற்கும் ஹேமடைட்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே. ஆனால் ஸ்பினல் எனும் கனசதுரப் படிக அமைப்பில் உள்ள மேக்ஹமைட் சாதாரணக் காந்தத்தில் தாவி ஒட்டும், கொரண்டம் எனும் சாய்சதுரப் படிக அமைப்பில் உள்ள ஹேமடைட் அவ்வாறு ஒட்டாது.

அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்களை (ஒவ்வொரு அயனிக்கும் தனித்தனியே உள்ள காந்த வலிமைகளை) வெறுமனே கூட்டிவிடுவது அடுத்த தவறு. மேக்னடைட்டின் ஒரு வாய்பாட்டு அலகில் தலா 5 போர் மேக்னட்டான் (திருப்புத்திறனின் அலகு) கொண்ட இரண்டு ஃபெர்ரிக் அயனிகளும் (மின்சுமை மூன்று உள்ள இரும்பு) 4 போர் மேக்னட்டான் கொண்ட ஒரு ஃபெரஸ் அயனியும் (மின்சுமை இரண்டு உள்ள இரும்பு) உள்ளன. கூட்டினால் 14 வரும். அளந்தால் கிடைப்பதோ ஏறத்தாழ 4. ஒரு ஃபெர்ரிக் அயனி நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த நான்முகி இடத்திலும் மற்ற இரண்டு அயனிகள் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகி இடங்களிலும் அமர்ந்திருக்க, நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக நடக்கும் இடைவினை இவ்விரு அணிகளையும் எதிரெதிராகத் திருப்பிவிடுகிறது. ஆகவே 9-இலிருந்து 5 போக மிஞ்சுவது 4. பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் 1948-இல் ஃபெர்ரி காந்தத்தன்மை என்று விளக்கியது இந்த மிச்சத்தைத்தான்.

டைட்டானியத்தை வெறும் கலப்படமாக, பாலில் ஊற்றிய தண்ணீரைப் போலக் கருதுவதே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பிழை. டைட்டானியம் அயனியில் தனித்த எலக்ட்ரான் இல்லை, அதற்கெனத் திருப்புத்திறனும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதன் மின்சுமை நான்கு என்பதால், அது ஒரு ஃபெர்ரிக் அயனியின் இடத்தைப் பிடிக்கும்போது இன்னொரு ஃபெர்ரிக் அயனி ஃபெரஸாக மாறியாக வேண்டும். ஸ்பினல் அமைப்பில் அது எண்முகி இடத்தை நாடுகிறது. அதாவது கூடுதல் திருப்புத்திறன் உள்ள அணியைத்தான் குறைக்கிறது. டைட்டானியம் இப்படிச் சேர்ந்துகொண்டே போய், இவ்வரிசையின் மறுமுனைக் கனிமமான உல்வோஸ்பினலை எட்டும்போது நான்முகி இடத்தில் 4, எண்முகி இடங்களில் 4 என இரு அணிகளும் சமமாகி, மிச்சம் பூச்சியமாகிவிடுகிறது.

இதே டைட்டானியம், ஹேமடைட்டும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் ஆக்சைடும் பல விகிதங்களில் கலந்த ஹேமடைட்-இல்மனைட் வரிசையில் நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஹேமடைட்டில் அடுத்தடுத்த இரும்பு அடுக்குகள் எதிரெதிரான திசைகளில் காந்தமாகி ஒன்றையொன்று ஏறக்குறைய முழுமையாக ஈடுசெய்கின்றன; காந்தத்தைத் தரும் எலக்ட்ரான் தற்சுழற்சிகள் சற்றே சாய்ந்திருப்பதால் எஞ்சும் சிறு காந்தமே நமக்குக் கிடைக்கிறது. இல்மனைட் பாதிக்குச் சற்று மேல் கலந்த, ஒழுங்கமைந்த படிகத்தில் டைட்டானியம் ஒன்றுவிட்டு ஒரு அடுக்கில் மட்டும் குடியேறுவதால் அந்தச் சமநிலை குலைந்து, படிகம் வலுவான ஃபெர்ரி காந்தமாகிறது. அதே கலவை விரைந்து குளிர்ந்து, டைட்டானியம் எல்லா அடுக்குகளிலும் சிதறி நின்றுவிட்டால் இந்த வலிமை கிடைக்காது. ஆகவே வேதிப் பகுப்பாய்வு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு காந்தத்தன்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. (ஜப்பானின் ஹருணா எரிமலைப் பாறையில், குளிரும்போது வெளிக் காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் காந்தமாகும் விந்தையான துகள்களும் இந்த வரிசையைச் சேர்ந்தவையே.)

வெப்பநிலையைக் குறிப்பிடாமல் "இல்மனைட் எதிர் ஃபெர்ரோ காந்தம்" (எதிரெதிர்த் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று முழுதும் ஈடுசெய்யும் ஒழுங்கு) என்று எழுதுவதும் பிழை. அந்த ஒழுங்கு ஏறத்தாழ 60 கெல்வினுக்குக் கீழேதான் உண்டு. அறை வெப்பநிலையில் அது அத்தகைய ஒழுங்கற்ற பாரா காந்தமே.

ஆய்வகத்தில் ஒற்றை அளவீட்டை நம்புவோரும் ஏமாறுவார்கள். கியூரி வெப்பநிலை (அதற்கு மேல் காந்த ஒழுங்கு மறையும் வெப்பநிலை) 200 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால், அது 60 விழுக்காடு உல்வோஸ்பினல் கொண்ட டைட்டனோமேக்னடைட்டாக, அதாவது மேக்னடைட்-உல்வோஸ்பினல் கலவையாக இருக்கலாம். பாதிக்குப் பாதி ஹேமடைட்-இல்மனைட்டாகவும் இருக்கலாம். முன்னது கனசதுரப் படிகம், பின்னது சாய்சதுரப் படிகம் என்பதால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் ஸ்பினலுக்குள்ளேயே வேறொரு சிக்கல் இருக்கிறது. மேக்னடைட்டின் அலகுக்கூட்டு நீளம் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கூட்டின் பக்க நீளம்) ஏறத்தாழ 8.40 ஆங்ஸ்ட்ராம், டைட்டானியம் சேரச் சேர அது 8.53 வரை உயர்கிறது, மேக்ஹமைட்டை நோக்கி ஆக்சிஜனேற்றம் நடக்க நடக்கக் குறைகிறது. டைட்டானியம் மிகுந்து ஆக்சிஜனேற்றமும் அடைந்த துகள், தூய மேக்னடைட்டின் நீளத்தையே காட்டக்கூடும். போதாக்குறைக்கு, அத்தகைய மாதிரியைக் காற்றில் சூடாக்கினால் அது அளந்துகொண்டிருக்கும்போதே வேறு கனிமமாக மாறத் தொடங்குகிறது. எனவே சூடேறும்போது வரைந்த கோட்டின் மேல் குளிரும்போது வரைந்த கோடு படியவில்லை என்றால், பிந்தைய கோட்டிலிருந்து கியூரி வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது, தொடக்கத்தில் கையில் இருந்திராத ஒரு கனிமத்தை அளப்பதாகவே முடியும்.