உறுதி எழுதிக் கொடுப்பவர் கையொப்பத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்கினால் வீடு வளவை அவளுடைய பெயருக்கு எழுதும் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் பந்தலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட எழுதிக் கொடுக்கும் பெற்றோர் உறுதியின், அதாவது சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின், வாசகத்துக்குக் காட்டுவதில்லை.

கொடுப்பவர் முதலில் காணிப் பதிவகத்தில் பேரேட்டைத் தேடுவித்து, காணி தம் பெயரில் நிற்கிறதா, ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லோயாக் குடியேற்றம் போன்ற இடங்களில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை) உறுதிக் காணிபோல நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது; அதற்குப் பிரதேச செயலகத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது, தமக்கு எதை மிச்சம் வைப்பது என்பது. "எனது சீவிய உரித்தை எனக்கு ஒதுக்கிக்கொண்டு" என்ற தொடர் உறுதியில் இருந்தால், உரிமை மகளுக்குப் போனாலும் தாய் சாகும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கலாம். பின்னாளில் மருமகன் வீட்டை வங்கியில் ஈடுவைக்கப் போனால், தாயின் சம்மதமில்லாமல் அந்த உரித்தைத் தொட முடியாது. அது இல்லையென்றால் தாய் பிள்ளைகளின் தயவில் இருப்பவர்தான். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுவோரே அதிகம் என்பது என் எண்ணம்.

நன்கொடையைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டதும் உறுதியில் வர வேண்டும். பிள்ளை சிறுவயதென்றால் அதன் சார்பில் தாய்மாமன் போன்ற ஒருவர் ஏற்பது வழக்கம். கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம்களின் நன்கொடைக்கு முஸ்லிம் சட்டம் பொருந்துவதால், மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதாவிட்டால் அது அப்படிக் கருதப்படாது. ஏனையோர் மீளப்பெற முடியாதது என்று எழுதிக் கொடுத்த பின் பிள்ளை கொடிய நன்றிகேடு செய்தால், அதை மீளப்பெற 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

கோயிலுக்கு வயலை நேர்ந்துவிடுபவர் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் வாயால் சொன்னால் போதாது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி, உயிரோடிருக்கும்போதே அசையாச் சொத்தில் அத்தகைய பொறுப்பை (ஒருவரின் பயனுக்காகச் சொத்தை இன்னொருவர் பொறுப்பில் விடுவதை) ஏற்படுத்துவதென்றால் அது நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுபடுத்துபவர்) முடித்த உறுதியாக இருக்க வேண்டும். எந்த வயல், என்ன நோக்கம், யாருக்குப் பயன், பொறுப்பாளர் யார் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதிவிடுவது நல்லது. வழக்குகள் அங்கேதான் முளைக்கின்றன.

கையொப்பம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருக்கும்போது இடப்பட வேண்டும். அதற்கு முன் எல்லைகளையும் பேர்ச்சஸ் (காணியின் பரப்பளவு) கணக்கையும் நிலஅளவைப் படத்தோடு ஒப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உறுதி பதிவானதா என்பதையும் விசாரியுங்கள். பதியாத உறுதியை, அதே காணிக்குப் பின்னர் விலைகொடுத்து வாங்கிப் பதிந்தவரின் உறுதி முந்திவிடலாம்.