முதல் ஷாட்கன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், துப்பாக்கி சுடுதலின் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற இந்தியர் மூவரில் ஒருவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அவர் களம் இறங்கினார். அவரைப் போன்றவர்களைப் பார்த்து, சிறு குண்டுகளைக் கூட்டமாகச் சிதறவிடும் ஷாட்கன்னால், பறக்கும் களிமண் தட்டைச் சுட்டு நொறுக்கும் இந்த விளையாட்டில் இறங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்பதே. அந்தக் கேள்வியை அவ்வளவு சீக்கிரம் கேட்பதுதான் முதல் தவறு என்று கருதுகிறேன்.

ரைபிளில் குறிபார்க்கக் குழலின் முன்னே முன்குறி, பின்னே பின்குறி இரண்டும் உண்டு. ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. சுடுகிறவரின் கண்ணே பின்குறியின் வேலையைச் செய்கிறது. கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் எங்கே படிகிறதோ அதைப் பொறுத்தே குண்டுகள் போகும் திசை அமையும் என்பதால், ஒருவருக்கு அற்புதமாக அமைந்த துப்பாக்கி இன்னொருவரின் கையில் ஒவ்வொரு தட்டையும் தவறவிடக்கூடும். எனவே பயிற்சித் திடலில் சங்கத்தின் துப்பாக்கிகளைக் கொண்டு, பயிற்றுநரின் மேற்பார்வையில் சில நூறு தோட்டாக்களையாவது சுட்டுப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். அதற்குள் உடலுக்கு எது ஒத்துவருகிறது, விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிடிக்கிறதா, குறுக்கே பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட் பிடிக்கிறதா என்பதெல்லாம் தெளிவாகிவிடும். சட்டமும் அவசரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கையில் வந்த பிறகே துப்பாக்கியை வாங்க முடியும். உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனு நிலுவையில் இருக்கும் காலத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. கடைக்காரரை நம்பி முன்பணம் கட்டிவிட்டு உரிமத்துக்காகக் காத்திருப்பது வீண் இழப்புக்கே வழிவகுக்கும்.

இரண்டாவது தவறு, வீட்டில் இருக்கும் தாத்தாவின் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவது. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியின் மீது குடும்பத்துக்கு இருக்கும் பற்று மதிக்கத்தக்கது. ஆனால் இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த டமாஸ்கஸ் குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அவை தாங்கும் என்று நம்பிச் சுடுவது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும். குழல் நல்ல எஃகினால் ஆனதாக இருந்தாலும், தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைப் பார்த்தாக வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அந்த அறை 65 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். தோட்டா உள்ளே எளிதாகப் போய்விடுவதால் பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் அட்டையில் குறிப்பிடும் நீளம், சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளமாகும். விரிவதற்கு இடமில்லாத அறையில் வாய் நெருக்குண்டு அழுத்தம் ஏறும். அறையின் நீளமும், குழல் அழுத்தம் தாங்குவதைச் சோதித்ததற்கான முத்திரையும் பெரும்பாலும் குழலின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்த துப்பாக்கிப் பழுதுநரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவைக்கூடச் சுட வேண்டாம்.

குழலின் அளவைக் குறிக்கும் ‘போர்’ (bore) எண்களைத் தவறாகப் புரிந்துகொள்வதும் பரவலாகக் காணப்படுகிறது. 20 போர் என்பது 12 போரைவிடப் பெரியது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. குழலுக்குச் சரியாகப் பொருந்தும் 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது 12 போர். எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும்: 12 போரின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 போரின் விட்டம் 15.6 மில்லிமீட்டர். சிறிய குழல் என்றால் தோளில் உதைப்பும் குறைவாக இருக்கும் என்று 20 போரைத் தேர்ந்தெடுப்பவர்கள், துப்பாக்கியின் எடையைக் கணக்கில் எடுப்பதில்லை. எடை கூடிய துப்பாக்கி உதைப்பின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். இலேசான துப்பாக்கியில் கனமான தோட்டாவைப் போட்டால் தோள் நொந்துபோகும். மூன்றரை கிலோவுக்கு மேல் எடையுள்ள 12 போர் துப்பாக்கியில், சர்வதேசப் போட்டிகள் அனுமதிக்கும் 24 கிராம் தோட்டாவைச் சுடுவது புதியவருக்கும் தாங்கக்கூடியதே. இளைத்த உடல்வாகு உள்ளவர்களுக்கு 20 போர் பொருத்தமாக இருக்கலாம். அதையும் தோளில் வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே வீட்டில், ஒரே பையில் இரு போர்களின் தோட்டாக்களையும் கலந்து வைத்திருப்பது மன்னிக்கவே முடியாத தவறு. 12 போர் குழலுக்குள் 20 போர் தோட்டா தவறுதலாக விழுந்தால், அது வழுக்கிச் சென்று சற்றுத் தொலைவில் மாட்டிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் சுடுகிறவர் அதன் பின்னாலேயே இன்னொரு தோட்டாவை இடுவார். விசையை அழுத்தியதும், முன்னால் நீட்டிய கையால் குழலைப் பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இந்த ஆபத்தைத் தடுக்கவே ஏற்பட்டது. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல், திடலுக்கு ஒரு போரின் தோட்டாக்களை மட்டுமே எடுத்துச் செல்வது என்ற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி உடலுக்குப் பொருந்துகிறதா என்பதைக் கடையில் வைத்தே பெருமளவு கண்டறிய முடியும். துப்பாக்கி காலியாக இருப்பதைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கண்களை மூடியபடி அதைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் படியவைத்துப் பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் மேலே ஓடும் பட்டையை நேராகப் பார்க்க முடிந்தால் ஏறத்தாழப் பொருத்தம். துப்பாக்கியின் பின்பகுதி கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வாக இருக்கிறது. பட்டை மேட்டுச் சாலை போல நீண்டு தெரிந்தால் கட்டை உயரமாக இருக்கிறது, சுடும் குண்டு மேலே போகும். டிராப் துப்பாக்கிகளில் மட்டும் இந்த உயரம் ஓரளவு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். தட்டு எப்போதும் மேல்நோக்கிப் பறப்பதே அதற்குக் காரணம். கட்டையின் நீளமும் முக்கியம். தோளில் ஏற்றிய நிலையில் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் அளவு இடைவெளி வேண்டும்; குறைந்தால் மூக்கில் அடிபடும், கூடினால் கட்டை அக்குளில் மாட்டும். கட்டையை அறுத்துக் குறைப்பதோ ரப்பர் பட்டை வைத்து நீட்டுவதோ நல்ல தச்சருக்கு எளிய வேலை. துப்பாக்கியை மாற்றுவதைவிடக் கட்டையைத் திருத்துவது மிகவும் மலிவு.

இதற்கு முன்பே, எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் கண் என்று அறிந்திருக்க வேண்டும். இரு கைகளாலும் சிறு முக்கோணம் செய்து, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளைப் பார்த்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருந்தால், தோள் மாற்றிச் சுடுவதா, கண்ணாடியில் ஒட்டு வைத்துச் சுடுவதா என்பதைப் பயிற்றுநருடன் பேசி முடிவு செய்த பிறகே வாங்க வேண்டும். ஏனெனில் கட்டைகள் வலப்பக்கமோ இடப்பக்கமோ சற்று வளைத்தே செய்யப்படுகின்றன.

குழலின் நுனி ஒடுக்கத்தைச் சோக் என்பார்கள். அருகில் குறுக்கே பறக்கும் ஸ்கீட் தட்டுக்கு ஒடுக்கம் குறைந்த சோக்கும், விலகிப் பறக்கும் டிராப் தட்டுக்கு இறுக்கமான சோக்கும் ஏற்றவை. மாற்றத்தக்க சோக் உள்ள, மேலும் கீழுமாகக் குழல்கள் அமைந்த துப்பாக்கி புதியவருக்கு மிகவும் உதவும். திறந்து வைத்தால் காலியாக இருப்பதை எல்லோரும் தொலைவிலிருந்தே பார்க்கலாம் என்பதும் எனக்கு அதில் மிகவும் பிடித்த குணம்.

இந்தியாவில் சாதாரண உரிமதாரர் துப்பாக்கியை இறக்குமதி செய்ய இயலாது. அந்த வாய்ப்பு தகுதி பெற்ற வீரர்களுக்கே உண்டு. ஆகவே பலரும் பழைய துப்பாக்கியையே வாங்குகிறார்கள். அப்போது குழல்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உட்சுவரில் குழியோ நசுங்கலோ நிழலாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை மெல்ல ஆட்டினால், தேய்ந்த பூட்டு ஆடிக் காட்டிவிடும். மேற்பூச்சு பளபளப்பதைப் பார்த்து மயங்கி இவற்றைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம். விற்பவர் தனிநபர் என்றால், விற்கும் எண்ணத்தை அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்து 45 நாள் கழிந்ததா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் துப்பாக்கிக்கே கொட்டிவிடக் கூடாது. டிராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒரு தட்டுக்கு இருமுறை சுடலாம் என்பதால், நாளுக்கு நான்கு சுற்று ஆடுகிறவருக்கு 100 முதல் 200 தோட்டாக்கள் வரை செலவாகும். ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பிக்கும்போது விளையாட்டுத் தேவையைச் சான்றுகளுடன் குறிப்பிடாமல் விட்டவர்கள், துப்பாக்கி இருந்தும் சுட முடியாமல் நிற்க நேரிடும். காதுக் கவசம், கண்ணாடி, பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஆகியவற்றுக்கும் முதலிலேயே தொகை ஒதுக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சில நாட்களிலேயே குழலில் துருவைத் தொடங்கிவைக்கும். தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க நேர்ந்தால், கொடுப்பதற்கு முன் குழலின் உள்ளும் புறமும் நன்றாக எண்ணெய் பூச வேண்டும். திரும்பப் பெற்ற அன்றே அதைத் துடைத்து, குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அடுத்த தோட்டாவை இட வேண்டும்.